ஓய்வு எடுக்க ஒரு வீடே வேண்டும்: சிகிச்சைக் காலத்தில் வீட்டு வேலையும் குழந்தைகளின் பொழுதும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரிடம் தரப்படும் தாளில் மருந்தின் பெயர், உட்கொள்ள வேண்டிய வேளை, அடுத்து வர வேண்டிய நாள் ஆகிய அனைத்தும் எழுதப்பட்டிருக்கும். ‘நன்கு ஓய்வு எடுத்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரியும் இருக்கும். மற்ற எல்லா வரிகளையும்விட நிறைவேற்றக் கடினமானது அந்த வரிதான். மாத்திரையை நோயாளி ஒருவரே விழுங்கிவிடலாம். ஓய்வை அவர் ஒருவரே எடுத்துக்கொள்ள இயலாது. அவர் படுத்திருக்க வேண்டுமானால், அதுவரை அவர் செய்துவந்த வேலைகளை வேறொருவர் எழுந்து செய்தாக வேண்டும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் கடினம். குழாயில் தண்ணீர் வரும் நேரமும், பால் வரும் நேரமும், பள்ளி வேன் தெருமுனையில் வந்து நிற்கும் நேரமும் யாருடைய நோய்க்காகவும் தள்ளிப்போவதில்லை. தாயோ தந்தையோ படுத்திருக்கும் அறைக்கு வெளியே ஒரு குழந்தை சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. மற்றொன்று காலையிலிருந்து கைபேசியைக் கீழே வைக்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க மனம் வராமல், தையல் பிரிக்கும் முன்பே எழுந்து அடுப்படிக்குச் செல்லும் தாய்மார்கள் பலர்.

வேலைகளை யார் செய்வது, குழந்தைகள் பகல் முழுதும் என்ன செய்வது என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்க் காலத்தில் குழந்தைக்கு மிகவும் தேவைப்படுவது புதிய பொம்மையோ ஓயாத கேளிக்கையோ அன்று. நேற்றைப் போலவே இன்றும் நடக்கும் ஒரு நாள். உற்றாரும் அயலாரும் செய்யும் உதவி, அந்த வழக்கமான நாளைக் காக்கும்படி அமைந்தால் நோயாளிக்கும் ஓய்வு கிடைக்கும். குழந்தைக்கும் அச்சம் தணியும்.

எடையை அறிந்துகொள்ளுங்கள்

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மகப்பேற்று அறுவை ஆயினும் கருப்பை அகற்றிய அறுவை ஆயினும், பொதுவாக ஆறு வாரங்கள் வரை கனமான பொருளைத் தூக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுவார்கள். உங்களுக்குரிய கால அளவை உங்கள் மருத்துவர் சொல்வார். ‘கனமான பொருள்’ என்றால் என்ன என்பதில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. தினமும் தூக்கிப் பழகிய பொருள் கனமாகத் தோன்றுவதில்லை.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 15 லிட்டர் பிடிக்கும் குடமோ வாளியோ நிறைந்திருந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. வீட்டு உபயோக எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஈரத் துணிகள் நிறைந்த வாளியும், மாவு நிறைந்த அரவைக் கல்லும் இவ்வரிசையில் சேர்ந்தவையே. மூன்று வயதுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரின் எடை இருக்கும்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் மனத்தை வருத்துவது. ‘அம்மா தூக்க மாட்டேன் என்கிறாள்’ என்பதைக் குழந்தை, தன்மீது அன்பு குறைந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். இதற்கு எளிய வழி உண்டு: தாய் குழந்தையைத் தூக்க வேண்டாம், குழந்தை தாயிடம் ஏறி வரட்டும். கட்டிலருகே ஆடாத முக்காலி ஒன்றைப் போட்டு, தாயின் வயிற்றின்மீது ஒரு தலையணையை வைத்துவிட்டால், குழந்தை பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்ளலாம். வேறு ஒருவர் குழந்தையைத் தூக்கி மடியில் அமர்த்தினாலும் போதும். தூக்குவதைத்தான் மருத்துவர் விலக்கினார், அணைப்பதை அன்று.

மார்பக அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள், அந்தப் பக்கத்துக் கையில் வெட்டுக்காயமும் தீக்காயமும் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மணையும் சூடான வாணலியும் சில காலம் வேறு கைகளுக்கு மாறட்டும். கீமோதெரபி பெறுவோரில் பலருக்குத் தாளிக்கும் மணமே குமட்டலை உண்டாக்கும். மருந்து ஏற்றிய அடுத்த சில நாட்களுக்குச் சமையல் வேறொரு வீட்டில் நடந்து, உணவு மட்டும் வந்து சேருமானால் அது பேருதவி.

‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’

நலம் விசாரிக்க வருவோர் பெரும்பாலும் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டே விடைபெறுவர். உண்மையான அன்போடுதான் சொல்கிறார்கள். ஆயினும் கேட்பவருக்கு அது மற்றுமொரு சுமையாகிறது: என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தயங்க வேண்டும், கேட்ட பின் கூச வேண்டும். ஆகவே பெரும்பாலோர், “ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்ததே போதும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வந்தவரும் கொண்டுவந்த ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் மேசைமேல் வைத்துவிட்டுச் செல்கிறார். அன்பு இருந்தது, தேவையும் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை.

இரண்டையும் சந்திக்க வைப்பது ஒரு தாள். மாதக் காலண்டரின் பின்பக்கமே போதும். அதில் வீட்டு வேலைகளை, யாருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்குச் சிறியனவாகப் பிரித்து எழுதுங்கள். ‘சமையல்’ என்று எழுதினால் யாரும் அதை ஏற்க அஞ்சுவர். ‘செவ்வாய், வெள்ளி இரவுக்கு நால்வருக்கு இட்லியும் காரம் குறைந்த சட்னியும்’ என்று எழுதினால் அடுத்த வீட்டுக்காரர் அன்றே ஒப்புக்கொள்வார். ‘குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது’ என்பது பெரிய சுமை; ‘சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை பூங்காவுக்கு அழைத்துச் செல்வது’ என்பது மகிழ்ச்சியான வேலை. இவ்வாறே தண்ணீர் பிடித்து வைத்தல், நியாயவிலைக் கடை, மின்கட்டணம், துணிகளைத் தேய்க்கக் கொடுத்து வாங்குதல், வேன் வரை குழந்தையோடு சென்று நிற்றல், வீட்டுப்பாடத்தில் உடனிருத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் குறித்துத் தனி வரியாக எழுதுங்கள்.

அடுத்து, இந்தத் தாளை நோயாளியின் கையில் கொடுக்காதீர்கள். ஒருங்கிணைக்கும் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்க வேண்டும். நாத்தனாரோ, மைத்துனரோ, நெருங்கிய தோழியோ அவர் யாராயினும் சரி. “என்ன செய்யட்டும்?” என்று கேட்போரிடம், “அண்ணியிடம் பட்டியல் இருக்கிறது, உங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடலாம். கேட்கும் கூச்சம் நோயாளிக்கு இல்லாமற்போகிறது. வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உதவுபவருக்குக் கிடைக்கிறது.

வேலைகளை ஆளுக்கேற்பப் பிரித்தலும் முக்கியம். ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியம்மாவுக்கோ அத்தைக்கோ சமையலறையின் முழுப் பொறுப்பும் பொருந்தும். நகரத்துச் சாலையைக் கடந்து குழந்தையைப் பள்ளியில் விடுவது பொருந்தாமற்போகலாம். அலுவலக நண்பருக்கு வார நாட்களில் நேரம் இராது. ஆனால் ஞாயிறன்று மாதச் சாமான்கள் முழுவதையும் வாங்கிவந்து தருவார். உடலால் உதவ இயலாத தாத்தா தொலைபேசி வழியே மாலைதோறும் ஒரு கதை சொல்லலாம். அதுவும் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறட்டும்.

இங்குக் கணவன்மார்களிடம் ஒரு சொல். மனைவி நோயுற்றிருக்கையில் நீங்கள் செய்வது ‘உதவி’ என்று கருதினால், ஒவ்வொரு வேலைக்கும் அவரிடமே கேட்டு நிற்க நேரும்: உப்பு எங்கே, சீருடை எங்கே, இன்று எந்தப் பாடவேளைக்கு எந்த நோட்டு? ஐம்பது கேள்விகளுக்குப் படுத்தபடி பதில் சொல்பவர் ஓய்வெடுப்பவர் ஆகார். மருத்துவமனையில் சேரும் முன்பே ஒரு வாரம் சமையலறையையும் பள்ளிப் பையையும் நீங்களே நடத்திப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் கற்பது, அடுத்த ஆறு வாரங்களுக்குப் பயன்படும்.

உணவு வரும் வழிகள்

சேர்க்கைக்கு நாள் குறித்தவுடன் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகியவற்றைச் செய்து வைத்துக்கொண்டால், சோறு மட்டும் வடித்தாலும் குழந்தைகளின் பசி ஆறும். உணவு கொண்டுவருவோரிடம் நோயாளிக்குரிய உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் குழந்தைகள் விரும்பி உண்பனவற்றையும் முன்னரே சொல்லிவிடுங்கள். நான்கு வீடுகளிலிருந்து ஒரே நாளில் சாம்பார் வருவதைத் தாள் தடுத்துவிடும். பாத்திரங்களில் பெயர் எழுதிய சிறு ஒட்டுத்தாள் இருக்கட்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்னும் நம் பண்பாட்டை இச்சில வாரங்களுக்கு ஒத்திவைக்கலாம். அதற்காக எழுந்து சர்க்கரை தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் பயிலும் குழந்தைகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் இருக்கிறது. நண்பகலில் சத்துணவும் உண்டு. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அங்கன்வாடி மையத்தில் உணவும் முன்பருவக் கல்வியும் உண்டு. ‘வீட்டில் இருக்கையில் ஏன் அனுப்ப வேண்டும்’ என்று தயங்காதீர்கள். இவை உங்கள் குழந்தைக்கு உரியவை. அதைவிட முக்கியமாக, காலையில் புறப்பட்டு நண்பர்களோடு உண்டு மாலையில் திரும்புவது என்னும் ஒழுங்கைக் குழந்தைக்குத் தருகின்றன. இயன்றவரை பள்ளியை நிறுத்தாதீர்கள். வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லி வைத்தால், குழந்தையிடம் தோன்றும் மாற்றங்களை அவரும் கவனித்துக்கொள்வார்.

குழந்தையிடம் என்ன சொல்வது

குழந்தையின் பகற்பொழுதை எப்படி நிரப்பலாம் என்று எண்ணும் முன், அதன் மனத்தை ஏற்கெனவே எது நிரப்பியிருக்கிறது என்று அறிய வேண்டும். பெரியவர்கள் மறைத்துப் பேசும் வீட்டில் குழந்தை பாதியைக் கேட்டு மீதியைக் கற்பனை செய்துகொள்ளும். அக்கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், தாம் செய்த குறும்பினால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்று நம்புவதும் உண்டு. ‘நீ படுத்தும் பாட்டில்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று’ என்று யாராவது விளையாட்டாகச் சொன்னதே அதற்குப் போதும்.

மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். நோயின் பெயர் என்ன; அது யாருடைய குற்றத்தாலும் வந்ததன்று; உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள். எடுத்துக்காட்டாக: “அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒரு நோய் வந்திருக்கிறது. நீ செய்த எதனாலும் அது வரவில்லை. அம்மாவைத் தொட்டால் உனக்கு அது ஒட்டிக்கொள்ளாது. மருந்தினால் அம்மாவுக்கு முடி கொட்டும், அசதியாக இருக்கும். மருந்து ஏற்றும் நாளில் அத்தை உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவார்கள்.” இவ்வளவு போதும். “அம்மா செத்துப்போய்விடுவாளா?” என்று குழந்தை கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். “நோய் குணமாக மருத்துவர்கள் முயல்கிறார்கள். ஏதாவது மாறினால் உன்னிடம் சொல்வோம்” என்பது பொய் கலவாத பதில். கொடுக்க இயலாத வாக்குறுதியைக் கொடுக்க வேண்டாம்.

வருவோர் முன்னிலையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குழந்தை அருகில் நிற்கையில் “பாவம் இந்தப் பிள்ளைகள்” என்று பெருமூச்செறிவதும், மற்றொருவருக்கு இதே நோயால் நேர்ந்த முடிவை விவரிப்பதும் குழந்தையின் நெஞ்சில் ஆழப் பதியும். ஒருங்கிணைப்பவர் இதை வாசலிலேயே பணிவுடன் சொல்லிவிடலாம். குழந்தையிடமே “அம்மாவுக்கு என்ன?” என்று துருவுவோருக்காக ஒரு பதிலைக் கற்றுக் கொடுங்கள்: “அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. அப்பாவிடம் கேளுங்கள்.”

வயதுக்கேற்ற கவனம்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விளக்கம் புரியாது, முகம் புரியும். நாளுக்கொருவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதைவிட, ஒருவரோ இருவரோ தொடர்ந்து பார்த்துக்கொள்வதே நலம். தாய் மருத்துவமனையில் இருக்கும் இரவுகளில் அவருடைய பழைய சேலையே போர்வையாக இருக்கட்டும்.

பள்ளி செல்லும் வயதினருக்கு நாளைய நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும். தினசரிக் காலண்டரில் மருந்து ஏற்றும் நாட்களை ஒரு நிறத்திலும், அத்தை வரும் நாட்களை மற்றொரு நிறத்திலும் குழந்தையே வட்டமிடட்டும்.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் அஞ்ச வேண்டும். அவர்கள் யாருக்கும் தொல்லை தருவதில்லை என்பதே அதன் காரணம். பன்னிரண்டு, பதினான்கு வயது மூத்த மகள் சொல்லாமலேயே அடுப்படியை ஏற்றுக்கொள்வாள், தம்பியைக் குளிப்பாட்டுவாள், எல்லோரும் “எவ்வளவு பொறுப்பான பெண்” என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சிக்குள் அவளுடைய வருகைப்பதிவேடு மெல்லக் குறைந்துகொண்டிருக்கும். மகளாயினும் மகனாயினும் பிள்ளை பள்ளிக்குச் செல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டதென்றால், அந்த வீட்டில் பெரியவர்களின் உதவி போதவில்லை என்று பொருள். பட்டியலை எடுத்து, அவள் செய்யும் வேலைகளுள் இரண்டை வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளுக்குப் படிக்க அமைதியான ஒரு மூலை வேண்டும். வீட்டில் இல்லையெனில் உறவினர் வீட்டிலோ கிளை நூலகத்திலோ அதற்கு ஏற்பாடு செய்யலாம்.

கட்டிலருகே விளையாட்டு

ஓடியாடும் விளையாட்டு உதவ வருவோரின் பொறுப்பு. அது வெளியே நடக்கட்டும். நோயாளி படுத்தவாறோ சாய்ந்தவாறோ கலந்துகொள்ளக்கூடிய அமைதியான விளையாட்டுகள் நம் மரபிலேயே ஏராளம். ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும். தாயோ தந்தையோ தன்னோடு விளையாடினார் என்பதே குழந்தைக்கு அன்றைய நாளின் நிறைவு.

பல்லாங்குழியைத் தலையணைமேல் வைத்து ஆடலாம். பதினான்கு குழிகளுக்கு ஐந்தைந்தாக 70 புளியங்கொட்டைகள் வேண்டும். பலகை இல்லையெனில் சிறு கிண்ணங்களோ அட்டையில் வரைந்த வட்டங்களோ போதும். எண்ணவும் கணக்கிடவும் குழந்தை தானே பழகும். ஆடுபுலி ஆட்டத்திற்கு ஓர் அட்டையில் கோடு வரைந்து, மூன்று பெரிய பொத்தான்களைப் புலிகளாகவும் பதினைந்து சிறிய பொத்தான்களை ஆடுகளாகவும் கொள்ளலாம். தனித்தனியே வலிமையற்ற ஆடுகள் சேர்ந்து நின்று புலியை மடக்கும் ஆட்டம் அது. சற்று வளர்ந்த பிள்ளைகள் மணிக்கணக்கில் அமர்ந்து ஆடுவர். ஆட்டத்தை முடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம் என்பது, அசதியுறும் நோயாளிக்கு ஏற்றது.

எழுந்து அமரவும் இயலாத நாட்களில் சொற்கள் போதும். விடுகதை போடலாம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தைக் கொண்டு மற்றவர் அடுத்த சொல்லைத் தொடங்கும் தொடர்ச்சொல் விளையாட்டு ஆடலாம்: ‘மரம்’ என்றால் ‘மயில்’ என்பதுபோல. ‘ன்’, ‘ள்’ என முடியும் சொல் வந்தால் குழந்தை திகைத்து நிற்கும். தமிழில் அவ்வெழுத்துகளில் சொல் தொடங்குவதில்லை என்பதை அப்போதே கற்றுக்கொள்ளும். அச்சொல்லுக்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள். தாய் தன் சிறுவயதுக் கதைகளைச் சொல்ல, பிள்ளை அதை ஒரு நோட்டில் எழுதி வரலாம். சிறு குழந்தையாயின் படமாக வரையலாம்.

நாளை என்ன ஆயிற்று என்று எழுந்து பார்க்கத் தூண்டும் வேலையும் குழந்தைக்கு நல்லது. ஒரு தட்டில் மண்ணிட்டு வெந்தயம் தூவினால் சில நாட்களில் முளைக்கும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் கீரையாகக் கிள்ளலாம். மண்ணைக் குழந்தை கிளறட்டும், நோயாளி பார்த்துக்கொண்டிருக்கட்டும், பிறகு குழந்தை சோப்பிட்டுக் கைகழுவட்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் நோயாளி மண்ணைத் தொடுவதும், முளைகட்டிய பயறை வேகவைக்காமல் உண்பதும் கூடாது.

வீட்டு வேலையிலும் குழந்தைக்குப் பங்கு கொடுங்கள். நான்கு வயதுக் குழந்தை காலுறைகளை இணைசேர்க்கும், கைக்குட்டையை மடிக்கும். ஆறு வயதுக் குழந்தை பட்டாணி உரிக்கும், கீரை ஆயும். ஒன்பது வயதுக் குழந்தை அனைவருடைய தண்ணீர்ப் பாட்டில்களையும் நிரப்பி வைக்கும். ‘நானும் அம்மாவுக்கு உதவினேன்’ என்னும் எண்ணம் அச்சத்திற்கு நல்ல மருந்து. ஆனால் அடுப்பு, மருந்து கொடுத்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், இரவு விழித்திருத்தல் ஆகியவை குழந்தைகளின் வேலைகள் அல்ல.

கைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் திரையின் முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டாதிருக்க வேண்டும் என்கிறது. மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பிய மாலையில் குழந்தை சற்றுக் கூடுதலாகப் படம் பார்த்துவிட்டால் அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உண்ணும் வேளையிலும் உறங்கும் வேளையிலும் மட்டுமாவது கைபேசி இல்லாதிருக்கப் பாருங்கள். அந்த இரு வேளைகளில்தான் குழந்தைகள் மனத்திலிருப்பதைப் பேசுகிறார்கள்.

தவறாமல் கவனிக்க வேண்டியவை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் புளியங்கொட்டை, சோழி, பொத்தான் ஆகியவற்றை வைக்காதீர்கள்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குன்றிமணியை எந்த வயதுக் குழந்தையின் விளையாட்டுக்கும் பயன்படுத்தலாகாது. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு உடலில் சேரும். நோயாளியின் மாத்திரைகளையும் இன்சுலின் ஊசிகளையும் பூட்டி வைக்க வேண்டும்.

கீமோதெரபி மருந்துகள் பலவற்றில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் சளி, காய்ச்சல், சின்னம்மை உள்ள குழந்தைகளோடு நோயாளி நெருங்கியிருத்தல் கூடாது. பள்ளியிலிருந்து வந்தவுடன் பிள்ளைகள் சோப்பிட்டு 20 விநாடிகள் கைகழுவிய பின் அம்மாவிடம் செல்லட்டும். நோயாளிக்கு உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அவ்வாறு திடீரெனப் புறப்பட நேர்ந்தால் குழந்தைகளை யாரிடம் விடுவது என்பதை இன்றே முடிவு செய்து, அவருடைய எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த ஏற்பாடு இல்லாததால் ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்து ஏற்றிய பின் முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கக்கூடும். அவற்றைத் துப்புரவு செய்பவர் கையுறை அணிய வேண்டும். குழந்தைகளை அவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது. ஆனால் அந்நாட்களிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவரின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. குழந்தையை அருகில் வைத்துக்கொள்ளலாம். கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை குழந்தைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். எந்தச் சிகிச்சை உங்களுடையது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தேவையற்ற விலகல் குழந்தையைப் பெரிதும் வருத்தும்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், உறக்கமின்மை, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடமோ நம் சமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணையும், குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098 என்னும் எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

பராமரிப்பவரும் பட்டியலில் உண்டு

வேலைகள் அனைத்தையும் எழுதிய பின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். அதில் ஒருவர் பெயர் எல்லா வரிகளிலும் இருந்தால், அடுத்துப் படுக்கப்போவது அவராகவே இருக்கும். அவருக்கு வாரத்தில் அரை நாள், யாரும் எதையும் கேட்காத அரை நாள், ஒதுக்குங்கள். ‘அவருக்குப் பதில் இன்னார்’ என்று அதையும் எழுதினால்தான் அது நடக்கும்.

நலம் விசாரிக்கச் செல்லும் உறவினராக இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று சொல்லாமல், “புதன்கிழமை காலை உங்கள் பையனை நான் பள்ளியில் விடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். கால் மணி நேரத்திற்கு மேல் அமராதீர்கள். திரும்பும்போது பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அந்தப் புதன்கிழமை சொன்ன நேரத்தில் வந்துவிடுங்கள்.

வீடு திரும்பும் நாளில் செவிலியரிடமும் மருத்துவரிடமும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை வாரம், எத்தனை கிலோ வரை தூக்கலாம்? குழந்தையை அருகில் படுக்க வைக்கலாமா? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்? வீட்டு வேலைக்கும் குழந்தைகளுக்கும் ஆளில்லை என்றால் யாரிடம் பேச வேண்டும்? நான்காவது கேள்வியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ‘ஓய்வு எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதிக் கொடுத்தவர்களிடம், அந்த ஓய்வுக்கு வழி கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.